டிரைவ் ஷாஃப்ட் சத்தம்: எதை மாற்றுவது, எந்தப் பட்டறையில் விடுவது?

கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரத்தின் பக்கமிருந்து "டக், டக், டக்" என்று சீரான இடைவெளியில் சத்தம் கேட்கத் தொடங்கினால், நம்மில் பலர் உடனே நல்ல மெக்கானிக் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கத் தொடங்குகிறோம். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது என்பதை முதலில் ஓரளவுக்காவது கண்டறிந்துவிட்டால், ரப்பர் பூட் என்ற உறையை மட்டும் மாற்றுவதா, ஜாயிண்ட்டை மாற்றுவதா, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான ஷாஃப்ட்டை முழுவதுமாக மாற்றுவதா என்பதும், அந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதும் பெருமளவு தெளிவாகிவிடும். என் தம்பி இந்த வரிசையை மாற்றிச் செய்தான். பட்டறையை முதலில் தேர்ந்தெடுத்தான். அவர்கள் சொன்னபடி இடப்பக்க ஷாஃப்ட்டை முழுவதுமாக மாற்றினான். பணம் போன பிறகும் சத்தம் போகவில்லை, ஏனென்றால் கெட்டிருந்தது வீல் பேரிங். கழற்றி எறியப்பட்ட ஷாஃப்ட்டில் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

டிரைவ் ஷாஃப்ட் என்ற பெயரால் நாம் இரண்டு வெவ்வேறு அமைப்புகளைக் குறிப்பிடுகிறோம், குழப்பமும் அங்கிருந்தே தொடங்குகிறது. மாருதி ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஹூண்டாய் ஐ10 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில், கியர் பெட்டியிலிருந்து இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்றும் வலப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு குட்டையான தண்டுகள் செல்கின்றன. பட்டறைகளில் இவற்றை "ஆக்சில்" என்றே சொல்வார்கள். ஒவ்வொரு தண்டுக்கும் சக்கரத்தின் அருகே ஒரு வெளி ஜாயிண்ட்டும் கியர் பெட்டியின் அருகே ஓர் உள் ஜாயிண்ட்டும் உண்டு, இரண்டையும் கிரீஸோடு சேர்த்து மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் மூடியிருக்கும். மாருதி ஈக்கோ, மகிந்திரா பொலிரோ, டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளிலோ, கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் வரை வண்டியின் அடியில் நீளமான குழாய் ஒன்று ஓடுகிறது. அது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் இருப்பவை கிராஸ் எனப்படும் நான்கு முனை இணைப்புகள். ஒரே பெயரில் வந்த வண்டியிலும் இது மாறலாம்: இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கர இயக்கம் கொண்டது, கிரிஸ்டாவுக்குச் சொல்லப்படும் ஆலோசனை அதற்குப் பொருந்தாது.

முன்சக்கரக் கார்களில் அதிகம் பழுதாவது வெளி ஜாயிண்ட். அதற்குள் பொதுவாக ஆறு எஃகு உருண்டைகள், வளைந்த பள்ளங்களில் ஒரு கூண்டுக்குள் இருந்தபடி உருளுகின்றன. சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் சீரான வேகத்தில் சுழற்சியைக் கடத்துவது அவற்றின் வேலை. கிரீஸ் உள்ளேயும் தண்ணீரும் மணலும் வெளியேயும் இருக்கும்வரை இந்த ஜாயிண்ட், காரின் ஆயுள் முழுவதும்கூட உழைக்கும். இரும்பு தானாகத் தேய்வதைவிட, ரப்பர் கிழிந்து அதன் வழியாகத் தேய்மானம் நுழைவதே வழக்கமான கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளில் வெள்ளத்தில் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள்: பூட் முழுதாக இருந்தால் தண்ணீர் வடிந்ததும் ஜாயிண்ட் தப்பித்திருக்கும், ஒரு சிறு விரிசல் இருந்திருந்தால் சேறு உள்ளே போய், சில மாதங்களில் உருண்டைகள் ஓடும் பள்ளங்களை அரித்திருக்கும். ஆகவே சத்தம் வருவதற்கு முன்பே தெரியும் அடையாளம் கிரீஸ்தான். சக்கரத்தின் உட்புற விளிம்பிலும் அதன் அருகே உள்ள சஸ்பென்ஷன் பாகங்களிலும் கறுத்த கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால், பூட் கிழிந்துவிட்டது என்று உறுதியாகக் கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் செலவு மிகவும் குறைவு. "டக் டக்" என்ற சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு, பூட்டை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் பயன் தராது.

உள் ஜாயிண்ட்டின் பழுது வேறு விதமாக வெளிப்படும். அதில் பெரும்பாலும் மூன்று உருளைகள் ஒரு குழிந்த கிண்ணத்துக்குள் முன்னும் பின்னும் நகர்கின்றன. அந்தக் கிண்ணத்தின் சுவரில் பள்ளம் விழுந்தால், திருப்பத்தில் சத்தம் வருவதற்குப் பதிலாக, நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தி வேகம் பிடிக்கும்போது கார் பக்கவாட்டில் உதறும். காலை எடுத்தவுடன் உதறல் நின்றுவிடும். இந்த "அழுத்தினால் வரும், எடுத்தால் நிற்கும்" என்ற குணத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் நீங்கள் சொல்லக்கூடிய விவரங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

பின்சக்கர வண்டிகளில் கிளட்சை விட்டதும், அல்லது ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாறியதும், அடியில் "டங்" என்று ஒற்றை அடி விழுந்தால் கிராஸ் தளர்ந்திருக்கலாம். மெதுவாகச் செல்லும்போது வேகத்துக்கேற்ப எலி கத்துவதுபோல் கீச்சிட்டால், அதன் ஊசி பேரிங்குகளில் கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். இரண்டு துண்டுகளாக வரும் நீளமான ஷாஃப்ட்டில், நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்தால் வண்டி கிளம்பும்போது தரைத்தளம் அதிரும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இருக்கை முழுவதும் நடுங்கி, எந்தக் கியரில் ஓட்டினாலும் அதே வேகத்தில் அது வந்தால், ஷாஃப்ட்டின் சமநிலை குலைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இன்ஜின் கோளாறாக இருந்தால் நடுக்கம் இன்ஜின் சுற்றைப் பின்தொடரும், ஷாஃப்ட் கோளாறாக இருந்தால் வண்டியின் வேகத்தைப் பின்தொடரும்.

இவற்றைப் போலவே தோன்றும் வேறு பழுதுகளும் உண்டு, தவறான செலவுகள் பிறப்பது பெரும்பாலும் இவற்றால்தான். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் மட்டும் நடுங்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் நிற்கவில்லையென்றால், முதலில் வீல் பேலன்ஸிங் பாருங்கள்; அது மலிவான வேலை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுக்கம் வந்தால் அது டிஸ்க். வேகம் கூடக் கூடத் தொடர்ச்சியான ரீங்காரம் எழுந்து, நெடுஞ்சாலையில் வண்டி லேசாக இடமும் வலமும் சாயும்போது அந்த ஒலி கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங். என் தம்பியின் காரில் கேட்டது இந்த ரீங்காரம்தான். திருப்பத்தில் ஒருமுறைகூட "டக்" என்று அடித்ததில்லை. சிக்னலில் நிற்கும்போதே அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிற்கும் வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் சுழலவே இல்லை.

இதையெல்லாம் உறுதிசெய்ய அரை மணி நேரம் போதும். காலியான மைதானத்திலோ அகலமான இடத்திலோ கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை இடது கோடிக்குத் திருப்பி மெதுவாக இரண்டு வட்டமும், வலது கோடிக்குத் திருப்பி இரண்டு வட்டமும் ஓட்டுங்கள். பொதுவாக வட்டத்தின் வெளிப்புறத்தில் இருக்கும் சக்கரத்தின் ஜாயிண்ட் அதிகமாகக் கத்தும், ஆனால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், வண்டியை மேலே தூக்கிய பிறகு ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். நீங்களே பார்க்க விரும்பினால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையைக் கொண்டுபோகாதீர்கள். முன்சக்கரங்களை முழுவதும் ஒடித்து நிறுத்திவிட்டு, வெளியே நின்றபடி கைப்பேசி வெளிச்சத்தை அடித்தாலே வெளி பூட்டின் மடிப்புகளில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

இனி, எதை மாற்றுவது என்ற தேர்வு. பூட் மட்டும் கிழிந்து, சத்தம் எதுவும் இல்லாமல், கிரீஸில் மணல் கலக்காமல் இருந்தால், பூட் கிட் போதுமானது. பல சிறிய கார்களுக்கு அதன் விலை சில நூறு ரூபாயில் அடங்கும். கூலிதான் அதைவிடப் பெரிய செலவு, ஏனென்றால் ஷாஃப்ட்டைக் கழற்றி, ஜாயிண்ட்டைப் பிரித்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, கிட்டோடு வரும் கிரீஸை அளவாக நிரப்ப வேண்டும். அந்தக் கிரீஸ் பொதுவாக மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது. கடையில் திறந்து வைத்திருக்கும் சாதாரண கிரீஸை அள்ளிப் பூசுவது ஜாயிண்ட்டுக்குச் செய்யும் தீங்கு. ஷாஃப்ட்டைக் கழற்றாமலேயே சுற்றி ஒட்டிவிடக்கூடிய பிளவு பூட்டும் கிடைக்கிறது. நெடுந்தூரப் பயணத்தின் நடுவில் ஊர் வந்து சேர அது உதவும், நிரந்தரத் தீர்வாக அதை நான் ஏற்க மாட்டேன்.

சத்தம் வந்துவிட்டது, ஆனால் உள் ஜாயிண்ட்டும் தண்டும் நன்றாக இருக்கின்றன என்றால், வெளி ஜாயிண்ட்டை மட்டும் மாற்றுவதா, முழு ஷாஃப்ட்டை மாற்றுவதா என்ற கேள்வி எழும். உதிரியாக ஜாயிண்ட் கிடைக்கும் கார்களுக்கு முதலாவது வழி கணிசமாக மலிவு. முழு ஷாஃப்ட்டில் இரண்டு ஜாயிண்ட்டுகளும் இரண்டு பூட்டுகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருவதால், பட்டறையில் தவறு நேர வாய்ப்புக் குறைவு. என் கருத்து இது: கார் எட்டு அல்லது பத்து வருடம் ஓடியது, இரண்டு பூட்டுகளும் வெடித்திருக்கின்றன, இன்னும் சில வருடங்கள் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் முழு ஷாஃப்ட்டே நல்லது. அவ்வளவு பழையதாகாத காரில், ஒரு பக்க வெளி ஜாயிண்ட் மட்டும் கெட்டிருந்தால், முழு ஷாஃப்ட்டைத் தலையில் கட்டப் பார்க்கும் பட்டறையிடம் காரணம் கேளுங்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றியே ஆகவேண்டும் என்பதும் உண்மையன்று. ஷாக் அப்ஸார்பருக்குச் சொல்லும் விதி இதற்குப் பொருந்தாது.

நிறுவன முத்திரையோடு வரும் பாகமா, வெளிச்சந்தைப் பாகமா, பழைய பாகமா என்பது அடுத்தது. கார் நிறுவனங்களுக்கே ஷாஃப்ட் செய்து தரும் ஜிகேஎன், என்டிஎன் போன்ற உற்பத்தியாளர்களின் பாகம், பாக எண் ஒத்துப்போய், நம்பகமான கடையில் ரசீதோடு கிடைத்தால் அதை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. பெயர் தெரியாத பெட்டியில் வரும் ஜாயிண்ட்டைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை: அதன் உருண்டைகளும் பள்ளங்களும் சரியாகக் கடினப்படுத்தப்பட்டிருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சென்னையில் புதிய உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழையவற்றுக்குப் புதுப்பேட்டையும் பலரும் அறிந்தவை. உற்பத்தி நிறுத்தப்பட்ட கார்களுக்குப் புதுப்பேட்டைதான் பல நேரங்களில் ஒரே வழி. அங்கே வாங்குவதானால், பூட் கிழியாத ஷாஃப்ட்டாகப் பாருங்கள், ஜாயிண்ட்டை எல்லாக் கோணங்களிலும் வளைத்துச் சுழற்றி எங்காவது இடறுகிறதா என்று கையால் உணருங்கள், முனையில் உள்ள பற்களின் எண்ணிக்கையைப் பழைய ஷாஃப்ட்டோடு ஒப்பிடுங்கள், ஏபிஎஸ் உள்ள காரானால் சக்கர வேகத்தை அளக்க உதவும் சென்சார் வளையம் இருக்க வேண்டுமா என்பதையும் சரிபாருங்கள்.

எங்கே விடுவது? கார் வாரண்டியில் இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை, நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும். பூட் கிழிந்ததை அவர்கள் தேய்மானம் என்று மறுக்கலாம். ஆனாலும் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்வது பின்னால் உதவும். வெளியே ஒரு வேலை செய்த காரணத்துக்காகவே முழு வாரண்டியும் போய்விடும் என்ற மிரட்டல் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகச் சந்தையைக் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த உத்தரவில், அத்தகைய ஒட்டுமொத்த நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும், வெளியே செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் கூறியது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. நடைமுறையில் வாரண்டிப் புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு.

வாரண்டி முடிந்த முன்சக்கரக் காருக்குப் பலரும் மூன்று இடங்களை எடைபோடுவார்கள்: அங்கீகரிக்கப்பட்ட மையம், மை டிவிஎஸ், பாஷ் கார் சர்வீஸ் போன்ற பல நிறுவனக் கார்களைப் பார்க்கும் பெரிய பட்டறை, தெருமுனையில் இருக்கும் நமக்குப் பழக்கமான மெக்கானிக். முதலாவதில் சரியான பாகமும் சரியான இறுக்க அளவும் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் பிரித்துச் சரிசெய்வதைவிட முழு உறுப்பை மாற்றும் பழக்கம் அங்கே வலுவானது. தவிர, வேலை செய்பவரிடம் நேரடியாகப் பேசும் வாய்ப்பு அரிது. பெரிய பட்டறைகளின் தரம் ஊருக்கு ஊர், கிளைக்குக் கிளை மாறும், பெயரை மட்டும் பார்த்து ஒப்படைக்க முடியாது. நான் பூட் வேலைக்கும் ஜாயிண்ட் வேலைக்கும் நல்ல தனி மெக்கானிக்கையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் இந்த வேலையின் உயிர் கையின் சுத்தத்திலும் பொறுமையிலும் இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று, துடைத்த ஜாயிண்ட்டின் பள்ளங்களை நானும் பார்க்க முடியும்.

ஆனால் நல்ல மெக்கானிக் என்பதை எப்படி அறிவது? விலையைக் கேட்பதற்கு முன் வேலையைக் கேளுங்கள். "அண்ணே, ஹப் நட்டைப் புதுசாப் போடுவீங்களா, பழசையே போடுவீங்களா?" என்று ஒரு கேள்வி. ஷாஃப்ட்டைச் சக்கரத்தின் ஹப்போடு பிடித்திருக்கும் நட் அது. பல கார்களில் அதன் விளிம்பை அடித்து மடக்கிப் பூட்டுவார்கள், ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது. "டார்க் ரெஞ்ச் இருக்கா?" என்பது இன்னொன்று; நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி அது. ஹப் நட்டின் இறுக்கம் தவறினால் வீல் பேரிங் சீக்கிரம் போகும். உள் முனையைக் கியர் பெட்டியிலிருந்து உருவும்போது கியர் ஆயில் வழியும்; அதை அளந்து நிரப்புவாரா, ஆயில் சீலைப் பார்ப்பாரா என்றும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் விடை சொல்பவரும், உங்களோடு வண்டியில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்து சத்தத்தைக் கேட்ட பிறகே கை வைப்பவரும் கிடைத்தால், அவரது கூலி சற்று அதிகமாக இருந்தாலும் பேரம் பேசாதீர்கள்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே மாறுகிறது. கிராஸ் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் சாதாரணப் பட்டறை போதும், ஆனால் கழற்றுவதற்கு முன் இரு பக்கங்களிலும் அடையாளக் குறி போடுபவராக அவர் இருக்க வேண்டும். கிராஸ் இணைப்புக் கோணத்தில் சுழலும்போது, ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் இருமுறை கூடிக் குறைகிறது. ஒரு முனையில் எழும் இந்த ஏற்ற இறக்கத்தை மறு முனை ஈடுசெய்யும்படி இரண்டு முனைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். குறி இல்லாமல் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், புதிய கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட மோசமாக நடுங்கும். குழாய் நெளிந்திருந்தால், சமநிலைக்காகப் பொருத்திய எடைத்துண்டு விழுந்திருந்தால், அல்லது வெல்டிங் தேவைப்பட்டால், பேலன்ஸிங் இயந்திரம் வைத்திருக்கும் தனிப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். லேத்தில் சுற்றி, கண்ணால் பார்த்து நேராக்குவது நெடுஞ்சாலை வேகத்துக்குப் போதாது. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் கனரக வண்டிகளின் ஷாஃப்ட்டையே பார்த்துப் பழகிய கைகள் இருக்கின்றன. ஈக்கோவோ பொலிரோவோ வைத்திருப்பவர்கள், நிறுவன மையத்தில் முழு ஷாஃப்ட்டின் விலையைக் கேட்டு மலைத்துப்போவதற்கு முன், இத்தகைய பட்டறையில் ஒரு மதிப்பீடு கேட்பது நல்லது. கிரீஸ் அடிப்பதற்கான முனை (கிரீஸ் நிப்பிள்) உள்ள கிராஸானால், நான்கு முனைகளிலும் புதிய கிரீஸ் பிதுங்கும் வரை அடிக்கச் சொல்லுங்கள்.

எங்கே விட்டாலும் எழுத்து மூலமான மதிப்பீடும், பாக எண் குறித்த ரசீதும், கழற்றிய பழைய பாகமும் உங்கள் கைக்கு வர வேண்டும். ரசீது வேண்டாம் என்றால் வரி மிச்சம் என்ற பேச்சுக்கு முன்பிருந்த கவர்ச்சியும் குறைந்துவிட்டது: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம்; முன்பு பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதமாக இருந்தது. மூன்று மாதத்தில் அதே ஜாயிண்ட் மீண்டும் கத்தினால், அந்த ரசீதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று. பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வாகனக் காப்பீடு இதற்கு உதவும் என்று எண்ண வேண்டாம், வழக்கமான பாலிசிகள் தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் விலக்கியே வைத்திருக்கின்றன.

எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்று கேட்பவர்களுக்கு: சத்தம் இல்லாத கிழிந்த பூட் என்றால், மழையில்லாத காலத்தில், அந்த வாரத்துக்குள். திருப்பத்தில் மட்டும் கத்தினால் உள்ளூரில் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். நேராக ஓடும்போதும் அடித்தாலோ, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸில் கையால் ஆட்டும் அளவுக்குத் தளர்வு இருந்தாலோ, வண்டியை எடுக்காதீர்கள். ஓடும்போது ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று தரையில் ஊன்றினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முன்சக்கரக் காரில் ஒரு ஷாஃப்ட் முற்றிலும் உடைந்தால், இன்ஜின் ஓடும், கியர் விழும், கார் நகராது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இதில் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: ஷாஃப்ட் உடைந்த காரை "பி" நிலையில் வைத்தாலும் அது சரிவில் நிற்காது, கை பிரேக் மட்டுமே நிறுத்தும். இழுத்துச் செல்ல ஆள் வரும்போது முன்சக்கரக் கார் என்பதைச் சொல்லி, முன்பக்கத்தைத் தூக்கியோ தட்டை வண்டியில் ஏற்றியோ எடுக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, பட்டறை வாசலிலேயே பணம் கொடுத்துவிடாமல், முதலில் செய்த அதே வட்டங்களை இரு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். பின்சக்கர வண்டியானால், முன்பு எந்த வேகத்தில் நடுங்கியதோ அந்த வேகம் வரை ஒருமுறை போய் வாருங்கள். சுமார் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஒரு காலை வேளையில் ஸ்டீயரிங்கை ஒடித்து நிறுத்தி, பூட்டின் இரு முனைகளிலும் உள்ள கிளாம்ப்புகளையும் சக்கரத்தின் உள்விளிம்பையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுத்த கிரீஸ் ஒட்டினால் கிளாம்ப் சரியாக இறுகவில்லை. அதே வாரம், அதே ரசீதோடு, அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.